ஒரு மண்டலம் பொறுத்திருங்கள்

மனச்சோர்வு, மனப்பதற்றம் ஆகியவற்றிற்கான மருந்துகள்: நோயாளியும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

மனநலப் புறநோயாளர் பிரிவில் இரண்டு காட்சிகள் அடிக்கடி நிகழ்கின்றன. முதலாவது, சிகிச்சை தொடங்கிய இரண்டாம் வாரத்தில் நிகழ்வது. "பத்து நாளாச்சுங்க டாக்டர், மனசுக்கு ஒண்ணும் தெரியலீங்க, வயிறுதான் பொரட்டுது. அதனால நிறுத்திட்டோமுங்க" என்று உடன் வந்தவர் சொல்வார். இரண்டாவது, நான்காம் அல்லது ஐந்தாம் மாதத்தில் நிகழ்வது. "நல்லாத்தான் இருந்தேனுங்க. அப்புறம் மாத்திரை எதுக்குன்னு விட்டுட்டேன். இப்பப் பழையபடி தூக்கமே இல்லீங்க" என்று நோயாளியே சொல்வார்.

இவ்விருவரும் உட்கொண்ட மருந்தில் குறையில்லை. மருந்து எப்போது பலன் தரத் தொடங்கும், எவ்வளவு காலம் தொடர வேண்டும் என்னும் இரண்டு செய்திகள் அவர்களிடம் தெளிவாகப் போய்ச் சேரவில்லை. அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதைப் படித்துத் தாமாக மருந்தைத் தொடங்கவோ, மாற்றவோ, நிறுத்தவோ கூடாது. மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை அறிந்துகொள்ள இது துணை செய்யும்.

வருத்தமும் நோயும்

கோழிப்பண்ணையில் நட்டம், மகளின் திருமணக் கவலை, நெருங்கியவரின் மறைவு ஆகியவை எவரையும் வருந்தச் செய்யும். அவ்வருத்தம் நாளடைவில் தணியும். மனச்சோர்வு நோய் அவ்வாறு தணிவதில்லை. இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதியும் சோர்வு நீடிக்கும்; முன்பு விரும்பிய எதிலும் நாட்டம் இராது; உறக்கமும் பசியும் கெடும்; உடல் அசதியாகவே இருக்கும்; தன்னால் எவருக்கும் பயனில்லை என்னும் எண்ணம் வந்துபோகும். மனப்பதற்ற நோயில் காரணமின்றியோ, காரணத்திற்கு மிஞ்சியோ அச்சம் தொடரும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், மூச்சு முட்டுவது போலிருக்கும். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் மிகுதி.

பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் வாழ்வில் ஒரு முறையேனும் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகியிருந்தார். அந்நோய் உடையோரில் 100க்கு 80க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெறவில்லை. இது எவருடைய பலவீனமும் அன்று. நீரிழிவைப் போலப் பலருக்கும் வரக்கூடிய, மருத்துவத்திற்குக் கட்டுப்படக்கூடிய நோய்.

மருந்து தொடங்கும் முன் தைராய்டு, இரத்தச்சோகை, வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவற்றை மருத்துவர் பரிசோதிக்கச் சொல்லலாம். இக்குறைகளும் சோர்வையும் படபடப்பையும் உண்டாக்கும் என்பதால் அச்சோதனைகளைத் தவிர்க்க வேண்டாம். நோய் இலேசானதாக இருப்பின் மனநல ஆலோசனை மட்டுமே போதுமானதாகலாம். நடுத்தர நிலையிலும் கடுமையான நிலையிலும் மருந்தும் ஆலோசனையும் சேர்ந்தே நல்ல பலன் தருகின்றன.

மருந்து ஏன் தாமதமாகப் பலன் தருகிறது

இம்மருந்துகளின் வரலாறு எதிர்பாராத ஒரு கண்டுபிடிப்பில் தொடங்கியது. 1952ஆம் ஆண்டு நியூயார்க்கில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியசிட் என்னும் புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களிற் பலர் வழக்கத்திற்கு மாறாக உற்சாகம் அடைந்தனர். சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் கூன் என்னும் மனநல மருத்துவர், இமிப்ரமின் மருந்து மனச்சோர்வைத் தணிப்பதை 1957இல் வெளியிட்டார். 1987ஆம் ஆண்டின் இறுதியில் ஃபுளூவாக்ஸிடின் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இன்று நாம் பெரிதும் பயன்படுத்துவது அவ்வகை மருந்துகளையே.

இம்மருந்துகள் மூளை நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின், நார்அட்ரினலின் போன்ற பொருள்களின் அளவைச் சில மணி நேரத்திலேயே மாற்றுகின்றன. ஆயினும் மனம் தெளிய வாரங்கள் ஆகின்றன. ஆகவே "செரட்டோனின் குறைந்துவிட்டது, மாத்திரை அதை நிரப்புகிறது" என்னும் எளிய விளக்கம் முழுமையானதன்று. அம்மாற்றத்திற்கேற்ப நரம்பணுக்களும் அவற்றின் இணைப்புகளும் மெல்ல மெல்லத் தம்மைச் சீரமைத்துக்கொள்வதற்கே இக்காலம் தேவைப்படுவதாக அறிவியலார் கருதுகின்றனர்.

பெரும்பாலோர்க்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் முன்னேற்றம் தொடங்கும். முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். இது நமக்குப் பழக்கமான கணக்குதான். நாட்டு வைத்தியத்தில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், மருந்துண்ணச் சொல்வது வழக்கம். மனநலம் வேண்டிக் காவிரிக்கரையிலுள்ள குணசீலம் கோயிலில் தங்கி வழிபடுவோரும் 48 நாள் என்றே கணக்கு வைக்கின்றனர். அதே பொறுமையை இம்மாத்திரைக்கும் அளியுங்கள். கோயிலுக்குச் செல்வோர் தாராளமாகச் செல்லலாம். மாத்திரையையும் உடன் கொண்டு செல்லுங்கள்.

மருந்து வகைகள்

*எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை:* செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், ஃபுளூவாக்ஸிடின், பராக்ஸிடின் ஆகியவை. மனச்சோர்வு, மனப்பதற்றம் இரண்டிற்கும் பெரும்பாலும் முதலில் தரப்படுவது இவ்வகையே. முதல் இரண்டு வாரங்களில் குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, உறக்கக் குறைவு, சற்றுக் கூடுதலான பதற்றம் ஆகியவை தோன்றிப் பின் தணியும். பதற்றம் மிகுந்தோர்க்கு மருத்துவர் குறைந்த அளவில் தொடங்குவது இதனாலேயே. தாம்பத்திய நாட்டக் குறைவு சிலர்க்கு நீடிக்கலாம். கூச்சத்தால் இதைச் சொல்லாமல் மருந்தை நிறுத்துவோர் பலர். சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற வழி உண்டு.

*எஸ்.என்.ஆர்.ஐ. வகை:* வென்லாஃபாக்ஸின், டெஸ்வென்லாஃபாக்ஸின், டுலாக்ஸிடின் ஆகியவை. நீரிழிவால் கால் எரிச்சலும் நரம்பு வலியும் உடையோர்க்கு டுலாக்ஸிடின் இரண்டு வகையில் பயன்படும். இவ்வகை இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடும். ஆகையால் அதை அவ்வப்போது அளக்க வேண்டும்.

*மிர்ட்டசபின்:* உறக்கமும் பசியும் அறவே கெட்டவர்க்கு ஏற்றது. இரவில் உட்கொள்வது. உடல் எடை கூடலாம்.

*புப்ரோபியான்:* சோம்பலும் அசதியும் மிக்க மனச்சோர்வுக்குப் பயன்படுவது. புகைப்பழக்கத்தை விடவும் துணை செய்யும். வலிப்பு நோய் உள்ளவர்க்கு இது ஆகாது.

*பழைய டிரைசைக்ளிக் வகை:* அமிட்ரிப்டிலின், இமிப்ரமின் முதலியவை. நல்ல பலன் தருபவை, விலையும் குறைவு. வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் தடைப்படுதல், மயக்கம் ஆகியவை மிகுதி. இதய நோயாளிகளுக்குக் கவனம் தேவை. அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து என்பதால் வீட்டில் இவற்றைப் பூட்டி வைத்தல் வேண்டும்.

*புரோப்ரனோலால்:* மனப்பதற்றத்தில் நெஞ்சுப் படபடப்பையும் கைநடுக்கத்தையும் குறைக்கும். நோயின் வேரை அது தொடுவதில்லை. ஆஸ்துமா உள்ளவர்கள் இதை உட்கொள்ளலாகாது.

முதல் மருந்து எல்லார்க்கும் பொருந்திவிடுவதில்லை. அமெரிக்காவில் ஏறத்தாழ 4,000 நோயாளிகளைக் கொண்டு நடந்து, 2006இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வில், முதல் மருந்திலேயே அறிகுறிகள் ஏறக்குறைய முற்றிலும் நீங்கியவர் மூன்றில் ஒருவரே. ஆகவே மருத்துவர் மருந்தை மாற்றினால், "நம் நோய் தீராதது போலும்" என்று அஞ்ச வேண்டாம். பொருத்தமானதைக் கண்டறிவதும் சிகிச்சையின் ஒரு படியே.

தூக்க மாத்திரை பற்றி ஓர் எச்சரிக்கை

அல்பிரசோலம், குளோனசிபாம், லோரசிபாம், டயசிபாம் ஆகியவை வேறோர் இனம். உட்கொண்ட சிறிது நேரத்திலேயே பதற்றம் தணியும்; உறக்கம் வரும். முதன்மை மருந்து பலன் தரத் தொடங்கும் வரை, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மட்டும், மருத்துவர் இவற்றைத் துணையாகத் தருவதுண்டு.

இடர் என்னவெனில், உடனே பலன் தருவதால் நோயாளிகள் இதையே 'நல்ல மாத்திரை' என்று எண்ணிவிடுகின்றனர். பலன் தர நாளாகும் மாத்திரையை நிறுத்திவிட்டு, இதை மட்டும் மருந்துக் கடையில் வாங்கித் தொடர்கின்றனர். நாளடைவில் அதே அளவு போதாமற் போகும், அது இல்லாமல் உறங்க இயலாது, நினைவாற்றல் மங்கும், முதியோர் தடுமாறி விழுந்து எலும்பு முறியும். நெடுநாள் உட்கொண்டதைத் திடீரென நிறுத்தினால் வலிப்பும் வரலாம். இக்காரணங்களால் அல்பிரசோலம், டயசிபாம் ஆகியவை 2014 முதல் 'எச்1' அட்டவணையில் உள்ளன. மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது. விற்பனை விவரத்தைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஏற்கெனவே பல மாதங்களாக இதை உட்கொண்டு வருவோர் வெட்கமின்றி மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறிது சிறிதாகக் குறைத்து விடுவிக்க இயலும்.

எஸ்.எஸ்.ஆர்.ஐ. முதலிய முதன்மை மருந்துகளுக்கு இத்தகைய அடிமைத்தன்மை இல்லை. அளவைக் கூட்டிக்கொண்டே போகும் ஏக்கத்தை அவை உண்டாக்குவதில்லை. "மனநோய் மாத்திரை எல்லாமே பழக்கமாகிவிடும்" என்னும் பேச்சு, இவ்விரண்டு இனங்களையும் ஒன்றாகக் கருதியதால் எழுந்தது.

நம் ஊர்த் தொழில்களும் மருந்தும்

மருத்துவரிடம் நோயைச் சொல்வது போலவே தொழிலையும் சொல்லுங்கள்.

லாரி ஓட்டுநர்கள்: அமிட்ரிப்டிலின், மிர்ட்டசபின், தூக்க மாத்திரைகள் ஆகியவை மறுநாட் காலையிலும் கண்ணயரச் செய்யலாம். சளிக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகள் அம்மயக்கத்தைக் கூட்டும். ஓட்டுநர் என்று முன்பே அறிந்தால் மருத்துவர் மயக்கம் குறைந்த மருந்தைத் தேர்வார். எந்தப் புதிய மருந்தாயினும், அது தமக்கு எவ்வாறு உள்ளது என்பதைச் சில நாள் வீட்டிலிருந்து பார்த்த பின்னரே வண்டி எடுங்கள். வடமாநில லோடு ஏற்றுவோரும், திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியுடன் மாதக்கணக்கில் வெளிமாநிலம் செல்வோரும், பயணம் முழுமைக்குமான மாத்திரையையும் மருந்துச் சீட்டின் நகலையும் வைத்திருத்தல் நன்று. பாதி வழியில் மருந்து தீர்ந்து போவது நோய் திரும்புவதற்கு ஒரு காரணம்.

விசைத்தறித் தொழிலாளர்கள்: குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளில் ஷிப்ட் மாறுந்தோறும் உறங்கும் நேரமும் மாறும். 'காலை 8 மணி' என்று வைக்காமல், 'முதல் வேளை உணவுக்குப் பின்' என்று வைத்துக்கொண்டால் மறதி குறையும். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் உட்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்து உட்கொள்ள வேண்டாம்.

முதுகுவலி, மூட்டுவலிக்கு மாத்திரை வாங்குவோர்: எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துடன் டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்றவை சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடும். டிரமடால் என்னும் வலிமருந்து சேர்ந்தால், காய்ச்சல், நடுக்கம், குழப்பம், உடல் விறைப்பு என ஆபத்தான நிலை ஏற்படலாம். எந்த மருத்துவரிடம் சென்றாலும் எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் கொண்டு சென்று காட்டுங்கள். நாட்டு மருந்துகளும் அப்பையில் இருக்கட்டும்.

முதியோர்: இரத்த அழுத்தத்திற்கு நீர் பிரிக்கும் மாத்திரை உட்கொள்வோர்க்கு, எஸ்.எஸ்.ஆர்.ஐ. தொடங்கிய முதல் வாரங்களில் இரத்தத்தில் சோடியம் குறையலாம். அசதியும் குழப்பமும் புதிதாகத் தோன்றினால், 'வயதாகிவிட்டது' என்று விட்டுவிடாமல் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

கருவுற்றோரும் பாலூட்டுவோரும்: கருவுற்றது தெரிந்ததும் மருந்தைத் தாமாக நிறுத்துவது தாய்க்கும் சேய்க்கும் தீங்காகலாம். உடனே மருத்துவரைக் காணுங்கள். தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கும் செர்ட்ராலின் போன்ற மருந்துகள் உள்ளன. பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வை, 'பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லிப் புறக்கணிக்க வேண்டாம்.

மது அருந்துவோர்: மது மனச்சோர்வை ஆழமாக்கும், தூக்க மாத்திரையுடன் சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடக்கூடும். அருந்தும் அளவை மறைக்காமல் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் மறவாது சொல்ல வேண்டிய ஒன்று

இதற்கு முன் எப்போதேனும், உறக்கமே இல்லாமல் அளவற்ற உற்சாகம், மிதமிஞ்சிய பேச்சு, கைமீறிய செலவு எனச் சில நாள்கள் இருந்ததுண்டா? உடன்பிறந்தார் எவருக்கேனும் அவ்வாறு இருந்ததா? இருந்தால் அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அந்நிலையில் மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் நோயாளி மிகையான எழுச்சிக்குச் செல்லக்கூடும். லித்தியம் போன்ற மனநிலையைச் சீராக்கும் மருந்துகளே அவர்க்கு அடிப்படை. நோயாளிக்கு இது நினைவிலிராது. குடும்பத்தாரே சொல்ல வேண்டும்.

எப்போது நிறுத்துவது

நலம் பெற்றதும் சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. முதன்முறை மனச்சோர்வு எனில், முழு நலம் பெற்ற பின் ஆறு முதல் ஒன்பது மாதங்கள் மருந்து தொடர வேண்டும். மனப்பதற்ற நோய்க்கு ஓராண்டேனும் தொடர்வது வழக்கம். நோய் மீண்டும் மீண்டும் வந்தவர்க்கு இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ தேவைப்படலாம். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு மிகுதி.

நிறுத்தும் காலம் வந்ததும் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு முதலியன தோன்றும். பராக்ஸிடின், வென்லாஃபாக்ஸின் ஆகியவற்றில் இது மிகுதி. உடலில் நெடுநாள் தங்கும் ஃபுளூவாக்ஸிடினில் குறைவு.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

1. முதல் மண்டலத்தில் ஒரு சிறு நோட்டில் உறக்கம், பசி, மனநிலை ஆகியவற்றை நாள்தோறும் ஓரிரு சொற்களில் குறித்து வையுங்கள். நோயாளி தம் முன்னேற்றத்தைத் தாமே உணர்வதற்கு முன் உடனிருப்பவர் கண்ணில் அது படும். குளித்துவிட்டு வந்து அமர்வதும், ஒரு வாய் சோறு கூடுதலாக உண்பதும் முன்னேற்றமே.

2. "எல்லாம் மனசுலதான் இருக்குது, தைரியமா இரு" என்று சொல்ல வேண்டாம். தைரியம் கொள்ள முடியாமையே இந்நோய். "கூட நான் இருக்கறேன்" என்று சொல்லுங்கள்.

3. நோயாளி அறியாமல் காபியிலோ உணவிலோ மாத்திரையைக் கலந்து கொடுக்க வேண்டாம். ஒரு முறை தெரிந்துவிட்டால் உங்கள் மீதும் மருந்தின் மீதும் நம்பிக்கை போய்விடும். மறுத்தால் மருத்துவரிடம் பேசுங்கள்.

4. முதல் சில வாரங்களில் மனம் தெளிவதற்கு முன் உடலில் சுறுசுறுப்பு வருவதுண்டு. 25 வயதிற்கு உட்பட்டோரில் இக்காலத்தில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்பதால் அருகிலிருந்து கவனியுங்கள். மாத்திரைகளையும், தோட்டத்திற்கு வாங்கிய பூச்சிமருந்தையும் பூட்டி, சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வெண்ணம் உண்டா என்று அன்புடன் நேராகக் கேட்கலாம். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக உண்டாவதில்லை. பலர்க்கு அக்கேள்வியே ஆறுதலாக அமையும்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய நிலைகள்

தற்கொலைப் பேச்சு அல்லது முயற்சி, பல நாள் உறங்காமல் மிகையான எழுச்சி, காய்ச்சலுடன் நடுக்கமும் குழப்பமும், உடல் முழுதும் தடிப்பு, வலிப்பு, கருநிற மலம், உணவையும் நீரையும் அறவே மறுத்தல். இவற்றில் ஒன்று தோன்றினாலும் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டாம்.

உதவி அருகிலேயே உள்ளது

மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் மட்டும் தொடங்கப்பட்டபோது, அவற்றுள் ஒன்று நம் அண்டை மாவட்டமான திருச்சிராப்பள்ளி. இன்று அத்திட்டம் தமிழ்நாடு முழுவதும் பரவியுள்ளது. அரசு மருத்துவமனைகளில் இம்மருந்துகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 14416 என்னும் எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் மனநல ஆலோசகருடன் கட்டணமின்றிப் பேசலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, உங்கள் நோய் விவரத்தை மறைவாகக் காக்கும் உரிமையை அளிக்கிறது. ஆகவே, "ஊருக்குத் தெரிந்துவிடுமோ" என்று அஞ்சித் தள்ளிப்போட வேண்டாம்.

இன்று மாத்திரை தொடங்குவோர், வீட்டு நாட்காட்டியில் இன்றைய தேதியையும், அதிலிருந்து 48ஆம் நாளையும் வட்டமிட்டு வையுங்கள். அந்நாளுக்குள் மருத்துவர் அழைத்த நாள்களில் தவறாது வாருங்கள். இடையில் மருந்தை நிறுத்த வேண்டும் என்று தோன்றினால், நிறுத்துவதற்கு முன் எங்களிடம் ஒரு சொல் சொல்லுங்கள்.